பத்தாயிரத்து ஏழு போல்ட்டுகள்

போன சனிக்கிழமை ஓர் எண் என்னை உதைத்துவிட்டது. அடிபட்ட இடத்தைத் தடவிக்கொண்டேதான் இதை எழுதுகிறேன்.

தண்டலம் பக்கம் ஒரு சின்ன போல்ட் கம்பெனியில் நான் டெஸ்பாட்ச் குமாஸ்தா. அந்த வாரம் முழுக்க எல்லோருக்கும் ஓ.டி., அதாவது ஓவர்டைம். வந்த ஆர்டர் – 10,007 போல்ட். சனிக்கிழமை மதியம் சரக்கு தயார். ஆட்கள்தான் நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

வாங்குகிறவர்கள் ஒரு விதி வைத்திருக்கிறார்கள். எல்லாப் பெட்டியிலும் ஒரே எண்ணிக்கை இருக்க வேண்டும். இல்லையென்றால் லோடு திரும்பி வந்துவிடும்.

பேக்கிங் அந்தோணி நாலு மணி பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். வாலாஜாபாத்தில் பெண் பார்க்கும் படலம். ஓ.டி.யால் ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிப்போனது.

"இன்னிக்கும் போவலைனா பொண்ணு வூட்ல வேற எடம் பாத்துடுவாங்க சார். பொட்டிக்கு எத்தினி, சீக்கிரம் சொல்லு!"

கணக்கில் நான் புலி. நூறு போட்டேன் – ஏழு மிச்சம். ஒற்றைப்படை, இரண்டு உதவாது. இலக்கங்களைக் கூட்டினால் எட்டு, ஆகவே மூன்றும் கிடையாது. ஏழால் வகுத்தால் நாலு மிச்சம். பதினொன்று... பதிமூன்று... தொண்ணூற்றேழு வரை வந்துவிட்டேன். எதற்கும் மசியவில்லை! அதற்கு மேல் தேடுவதும் வீண். நூறைத் தாண்டிய எண்ணால் வகுபட்டால், ஈவு நூறுக்குள் வந்தாக வேண்டும். அங்கேதான் ஒருவரும் இல்லையே?

"இது பகா எண் அந்தோணி. ஒரே பெட்டியில் பத்தாயிரத்து ஏழு போடலாம். இல்லையென்றால் பெட்டிக்கு ஒன்று வீதம் பத்தாயிரத்து ஏழு பெட்டி."

"ரெண்டுல எது சார் நாலு மணிக்குள்ள முடியும்?"

அவனே யோசித்தான்.

"பத்தாயிரம் கேக்குறவன் எதுக்கு சார் மேல ஏழு கேக்குறான்? போன்ல கேட்டுகினே எழுதுனியே, அந்தச் சீட்ட எடு."

எடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"இன்னா சார், இது ஏழாவா கீது? சாய்வா ஒரு கோடு, தலைமேல ஒரு கீறல்..."

சீட்டைப் பிடுங்கிப் பார்த்தேன். எந்த எண்ணை எழுதினாலும் வாலில் /- போடுவது என் வியாதி. ரேஷன் கார்டு விண்ணப்பத்தில் வயதுக்கே 42/- என்று எழுதியவன்! இந்த முறை அவசரத்தில் கீறல் மேலேறிக் கோட்டோடு ஒட்டிக்கொண்டது. 1000/- என்று நான் எழுதியதை டைப்பிஸ்ட் 10007 என்று அடித்துவிட்டார். அவர் மேல் என்ன தப்பு?

போன் போட்டேன். "ஆயிரம்தான் சார் கேட்டோம்" என்றார்கள்.

பெட்டிக்கு நூறு, பத்துப் பெட்டி. அந்தோணி ஓடிப்போய் பஸ்ஸில் தொற்றினான். பெண்ணுக்குப் பிடித்துவிட்டதாம்.

திங்கட்கிழமை மேனேஜர் கூப்பிட்டார். திட்டக்கூடத் தெம்பில்லை அவருக்கு. "மிச்சத்தையாவது பெட்டிக்குச் சமமா போட்டு வைய்யா" என்றார்.

மிச்சம் 9,007. இரண்டு நாள் வகுத்துப் பார்த்துவிட்டேன்...

அதுவும் பகா எண்!