தெளிந்த ஆறும் என் அண்ணனும்

என் அண்ணனுக்கு வீட்டிலும் வெளியிலும் 'கலங்கல்' என்றுதான் பெயர். ஊருக்குக் குடிநீர் அனுப்பும் நிலையத்தில் அவனுக்கு வேலை. ஆற்றுத் தண்ணீரைக் கண்ணாடிப் புட்டியில் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, கலங்கலுக்குத் தகுந்த படிகாரம் போடச் சொல்வான். விருந்துக்குப் போன இடத்திலும் அந்தப் பழக்கம் விடாது. குடிக்கக் கொடுத்த தண்ணீரைத் தூக்கிப் பார்ப்பான். கொடுத்தவர்கள் முகம் சுருங்கிவிடும். "நல்லவேளை, நான் கனமா இருந்தேன். இல்லன்னா என்னையும் வெளிச்சத்துல தூக்கிப் பார்த்துட்டுத்தான் கட்டியிருப்பாரு" என்பார் அண்ணி.

நான் வாழ்க்கைப்பட்ட வீடு ஆற்றங்கரையில். மேலே மலையில் அணை வந்தது. கீழே மணல் அள்ளும் இயந்திரங்கள் வந்தன. எப்போதும் பழுப்பாக ஓடிய ஆறு பளிங்கு மாதிரி வர ஆரம்பித்தது. பக்கத்து வீட்டுத் தையல்காரர் கரை சரியில்லை என்று காலி செய்துகொண்டு போனார். நாங்களும் போகலாமா என்று அண்ணனைக் கேட்டேன்.

"இவ்வளவு தெளிஞ்ச தண்ணிய நான் என் சர்வீஸ்ல பார்த்ததில்ல. ஆறு இனிமே பசு மாதிரி. பேசாம பின்னாடி ஒரு சமையலறை கட்டிக்கோ" என்றான். அவன் சொன்னால் எனக்கு வேதவாக்கு. கட்டினோம்.

முதலில் துணி காயப்போடும் கம்பம் ஆற்றுக்குள் போனது. பிறகு எலுமிச்சை மரம். கூப்பிட்டபோதெல்லாம் அண்ணன் வந்தான். கரையைப் பார்க்க மாட்டான். புட்டியில் தண்ணீரைப் பிடித்துப் பார்ப்பான். "வெள்ளமும் இல்ல, கலங்கலும் இல்ல. இந்தத் தண்ணி எப்படிக் கரைய அரிக்கும்?" என்று என்னையே கேட்பான். எனக்கு எரிச்சலாக வரும். "அப்ப மரம் என்ன, நம்மகிட்ட கோவிச்சுக்கிட்டா போச்சு?" என்றார் என் வீட்டுக்காரர்.

சமையலறைத் தரையில் விரிசல் விட்டதும், அண்ணன் நிலையத்துப் பெண் பொறியாளரை அழைத்து வந்தான். "மலையிலேர்ந்து வர்ற வண்டல் அணையிலேயே தங்கிடுது. இங்க அடியில கிடந்த மணலையும் அள்ளிட்டாங்க. வெறும் தண்ணி வேகமா வந்து கரையிலேர்ந்து மண்ண எடுக்குது. தெளிவா இருக்கிறதுதான் ஆபத்து" என்றார் அவர். அண்ணன் தலையாட்டினான். ஒன்றும் மண்டையில் ஏறவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. எனக்கும்தான். அழுக்குத் தண்ணீர் நல்லது, சுத்தத் தண்ணீர் கெட்டது என்றால், மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிற மாதிரி இருந்தது.

அந்தக் குழப்பம் தீர்வதற்குள் பருவம் தப்பிய மழை கொட்டித் தீர்த்தது. அணைக்குக் கீழே இருந்த மலைச்சரிவில் கோடையில் காடு எரிந்து வெறும் மண்ணாகக் கிடந்தது. அத்தனையும் ஓடைகள் வழியாக ஆற்றில் இறங்கியது. குழாயில் சேறு வந்தது, நிலையத்தை மூடிவிட்டார்கள். அண்ணன் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தான். கையில் இருந்த புட்டிக்குப் பின்னால் அவன் விரல்கூடத் தெரியவில்லை.

"அண்ணே, இப்பத்தான் மண்ணு வருதுல்ல. இனிமே கரை நிக்குமா?"

"நிக்கணும்" என்றான். உடனே, "இல்ல, இந்த வேகத்துல இருக்கிறதையும் இழுத்துட்டுப் போயிடும்" என்றான். மறுபடியும், "வண்டல் படிஞ்சா கரை ஏறவும் செய்யும்" என்றான். இப்படி ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு காலாக அவன் பேசி நான் கேட்டதே இல்லை. பயமாக இருந்தது.

"ஒரே பேச்சா சொல்லு. பிள்ளைங்கள வச்சுக்கிட்டு நான் இங்க இருக்கவா, கிளம்பவா?"

அண்ணன் புட்டியைக் கீழே வைத்தான். பின்கதவைத் திறந்துகொண்டு கரை ஓரம்வரை போய், குனிந்து, கீழே ஆறு மண்ணைக் குடைந்துகொண்டிருந்த இடத்தை ரொம்ப நேரம் பார்த்தான். திரும்பி வந்தபோது என் முகத்தைப் பார்க்கவில்லை.

"எனக்குத் தெரியலம்மா" என்றான்.

நான் பிறந்ததிலிருந்து அவன் வாயில் கேட்டிராத வார்த்தை. 'தெரியும்' என்று அவன் சொன்னபோதெல்லாம் அங்கேயே இருந்த நான், அந்த ஒரு வார்த்தைக்கு மூட்டை கட்டினேன்.