உடையாத தட்டுகளும் உதைக்காத துப்பாக்கியும்

யுத்தம் தொடங்கி இரண்டாவது தை மாதத்தின் கடைசியில், பொன்னமராவதியிலிருந்து திருமயம் பக்கம் ஒரு நாள் போய் வந்தேன். போன காரியம் துப்பாக்கி பார்ப்பது. கொக்கு சுடவோ பன்றி விரட்டவோ அல்ல. பொறியில் வைத்து ஆகாயத்தில் வீசுகிற களிமண் தட்டைச் சுட்டு உடைக்கும் விளையாட்டுக்கு. அதில் என்ன ருசி என்று கேட்கிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், கோபமில்லை. தோளில் அடிபட்டவர்கள், வயது ஏறியவர்கள், உதைக்குப் பயந்து துப்பாக்கியைப் பரணில் போட்டவர்கள் ஆகியோருக்காக எழுதுகிறேன்.

போன ஆனியில் வண்டி குடைசாய்ந்து என் வலது காறை எலும்பு முறிந்தது. எலும்பு கூடிவிட்டது. ஆனால் பழைய துப்பாக்கியை எடுத்து ஒரு வெடி போட்டதும் தோள் நீலம் பாரித்து, நான்கு நாள் சட்டை மாட்ட முடியவில்லை. என் மனைவி அழகம்மாள் தைலம் தேய்த்துக்கொண்டே தீர்ப்புச் சொன்னாள்.

"இனி ஒருக்கா இந்தத் தோளு நீலமாச்சுன்னா, துப்பாக்கிய நானே தூக்கிக்கிட்டுப் போய் போலீஸ் கச்சேரியில குடுத்துருவேன்."

எனக்கு நெல் வியாபாரம். விடிந்தது முதல் பேச்சு, பேரம், பொய்ச் சத்தியம். அந்தத் தட்டு மேலே எழும்பும் ஒரு நொடியில் மட்டும் என் தலைக்குள் யாரும் பேசுவதில்லை. அதை விட மனம் வரவில்லை. கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். ஒரே ஒரு நாள். உதைக்காத துப்பாக்கி ஒன்று கிடைத்து, அதைக்கொண்டு நான் தட்டையும் உடைத்தால் லைசென்ஸைப் புதுப்பிப்பது. இல்லையென்றால் திங்கட்கிழமை துப்பாக்கியை ஒப்படைத்துவிடுவது. என் தோளைப் பார்த்துச் சொல்ல அவளும் கூட வருவாள்.

பொன்னமராவதியில் காலை ஆறரைக்குப் பஸ். திருமயத்துக்குப் பதினேழு மைல், ஆளுக்கு ஏழணா. முன் வரிசை பெண்களுக்கு என்பதால் அழகம்மாள் சௌகரியமாக உட்கார்ந்தாள். நான் பின்னால் மூட்டைகளோடு மூட்டையாகக் கிடந்தேன். கண்டக்டர் என்னிடம், "கோட்டை பாக்கவாங்க?" என்றார். துப்பாக்கி பார்க்க என்றேன். "ஆத்தாவுமா?" என்று முன்னால் திரும்பிக் கேட்டார்.

"துப்பாக்கியப் பாக்க அவுக. அவுகளப் பாக்க நானு" என்றாள் அழகம்மாள். பஸ் முழுக்கச் சிரித்தது.

எட்டேகாலுக்குத் திருமயம். கோட்டையின் கீழ் இரண்டு இட்லிக் கடைகள் உண்டு. கிழக்குப் பக்கத்துக் கடையில் சட்னி தேவலை. அங்கிருந்து வாடகை மாட்டு வண்டியில் தெற்கே மூன்று மைல், நாலணா, முக்கால் மணி நேரம். புதுக்கோட்டையிலிருந்து வருகிறவர்கள் ரயிலில் திருமயம் ஸ்டேஷனில் இறங்கி அங்கேயே வண்டி பேசிக்கொள்ளலாம்.

நாங்கள் போனது சாத்தப்பனுடைய வயலுக்கு. மலாயாவில் ரப்பர்த் தோட்டத்துக் கணக்கராக இருந்து திரும்பியவர். அங்கே பிடித்த பழக்கத்தை இங்கே கொண்டுவந்து, அறுவடை முடிந்த வயலில் பொறியை நட்டு, மாதம் ஒரு முறை எங்களைப் போன்ற ஆறு பேருக்குச் சுட இடம் கொடுப்பார். தோட்டாவுக்குத் தட்டுப்பாடு வந்துவிட்டதால் மூன்று துப்பாக்கியில் ஒன்றைத் தள்ளிவிட நினைத்திருந்தார். யுத்தத்தால் சீமையிலிருந்து தட்டு வருவதும் நின்றுபோயிற்று. பக்கத்து ஊரில் பானை வனையும் வேளாரிடம் சொல்லிச் செய்ய வைத்திருந்தார். அந்த வேளாரே மண் சுவருக்குப் பின்னால் உட்கார்ந்து பொறிக் கயிற்றையும் இழுத்தார்.

முதலில் எடுத்தது, குழாய்த் துளையின் அளவை வைத்துப் பன்னிரண்டு போர் என்கிறார்களே, அந்த ரகம். எடை ஆறு ராத்தல்தான். கையில் எடுத்ததும் ஆசை வந்துவிட்டது. சோனித் தோளுக்கு இலேசான துப்பாக்கி என்றுதான் நானும் நினைத்திருந்தேன். சாத்தப்பன் வாத்துக்கு வைத்திருந்த தோட்டாவைக் கொடுத்தார். முதல் மூன்று தட்டும் தூளாயின. மூன்றாவதில் தோளில் யாரோ உலக்கையால் இடித்த மாதிரி இருந்தது. நாலும் ஐந்தும் தவறின. ஆறாவதுக்கு அவரே தோட்டாவைப் போட்டு மூடிக் கொடுத்தார். விசையை இழுத்தேன். டிக் என்றது, வெடிக்கவில்லை. ஆனால் குழாய் ஒரு சாண் கீழே போய் வந்தது.

"மருந்தில்லாத வெறும் தோட்டாதான் போட்டேன். வெடிக்கு முன்னாடியே நீங்க பயந்துட்டீங்க பாத்தீங்களா?" என்றார்.

வெட்கமாக இருந்தது. அழகம்மாள் புளிய மரத்தடிக்குக் கூப்பிட்டுச் சட்டையை விலக்கிப் பார்த்தாள். தைலக் குப்பியைத் திறந்தாள்.

அடுத்தது இருபது போர். தோளில் பதிக்கிற பின்கட்டை எனக்கு ரொம்பக் குட்டை. கன்னத்தில் வைத்தால் கட்டைவிரல் மூக்கில் இடித்தது. சுடாமலே வைத்துவிட்டேன்.

மூன்றாவது, யாரும் சீண்டாத ஒரு நீளக் குழாய்ப் பன்னிரண்டு போர். ஏழே முக்கால் ராத்தல். பின்கட்டையில் ரப்பர் மெத்தை. தூக்கவே அலுப்பாக இருந்தது. "தூக்குற கைக்குத்தான் கனம். தோளுக்கு அதுதான் சொகம்" என்றார் சாத்தப்பன். வெடிமருந்து குறைத்துப் பொடிக் குண்டு போட்ட தோட்டாவைக் கொடுத்தார். சுட்டேன். தோளை யாரோ மெல்லத் தள்ளிவிட்ட மாதிரி இருந்தது, அவ்வளவுதான். நடுவில் மறுபடியும் வெறும் தோட்டா போட்டு என்னைச் சோதித்தார். குழாய் அசையவில்லை.

ஆனால் தட்டும் உடையவில்லை. ஒன்று, இரண்டு, ஐந்து, எட்டு. ஒவ்வொன்றும் மேலே ஏறி, முழுசாக இறங்கி, தூரத்தில் அறுத்த நெல் தாளுக்குள் விழுந்தது. பதினொன்றோடு நிறுத்தினேன்.

"கொழா ஆடலை, தோளும் வலிக்கலைங்கிறீங்க" என்று சாத்தப்பன் தயங்கினார். "எதுக்கும் மதுரையில கண்ணு டாக்டர்ட்ட ஒருக்காக் காட்டிருங்க."

தோள் போனால் துப்பாக்கியை மாற்றலாம். கண் போனால் எதை மாற்றுவது? நாற்பத்தெட்டு வயதில் அந்த வயலில் நின்றுகொண்டு நான் கிழவனாகிவிட்டேன் என்றே நம்பினேன். துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்து, வேறு யாருக்காவது கொடுங்கள் என்று சொல்லிவிட்டு, வண்டிக்காரனை மாட்டைப் பூட்டச் சொன்னேன்.

அழகம்மாளைக் காணோம். பார்த்தால் வயல் நடுவே குனிந்து எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தாள். தயிர்ச் சட்டிக்கு மூடியாகுமே என்று தட்டுகளை எடுக்கப் போயிருக்கிறாள். ஒன்றை எடுத்து, சந்தையில் பானை வாங்குகிறபோது செய்வதுபோல, விரல் முட்டியால் தட்டிப் பார்த்தாள். ணங் என்ற சத்தம் என் காதுவரை வந்தது. வேளாரைக் கூப்பிட்டு எதையோ காட்டிக் கேட்டாள். அவர் பதில் சொன்னார். அதற்குப் பிறகு அவள் அசையாமல் வெகுநேரம் நின்றாள். வெயில் ஏறிவிட்டதோ என்று கூட நினைத்தேன்.

பிறகு முந்தானையில் சுமந்துகொண்டு வந்து என் காலடியில் கொட்டினாள்.

"இது என்ன கருப்புக் கருப்பா, பாருங்க."

ஒவ்வொரு தட்டிலும் மிளகு தூவினாற்போல ஈயத் தடம். ஒன்றில் ஐந்து, ஒன்றில் ஒன்பது. அகப்பட்டது ஒன்பது தட்டு, எட்டில் குண்டு பட்டிருந்தது. பட்டும் உடையவில்லை! வாத்துக்கான பெரிய குண்டு உடைத்த மண்ணைப் பொடிக் குண்டு கீறக்கூட இல்லை.

சாத்தப்பன், வேளார் பக்கம் பாய்ந்தார். வேளார் சந்தோஷமாக நின்றார்.

"போன தடவ பாதி தட்டு கூடையிலயே ஒடஞ்சு போச்சுன்னு வஞ்சீங்களே. அதான் சூளையில ஒரு நாள் கூடப் போட்டு வேக வச்சேன். ஒண்ணாவது ஒடஞ்சுச்சா பாருங்க!"

"ஒடைக்கத்தானே வேளாரே கேட்டேன்!"

"அதுக்கு எதுக்குங்க எங்கிட்ட வரணும்?" என்றார் அவர். நியாயமான கேள்விதான்.

வேளார் வீட்டில் பழைய சரக்கு கொஞ்சம் மிஞ்சியிருந்தது. வண்டி போய் எடுத்து வர ஒரு மணி நேரம். அதற்குள் கட்டுச்சோற்றை முடித்தோம். அரைவேக்காட்டுத் தட்டு ஐந்தைச் சுட்டேன். நான்கு புகையாகச் சிதறின. நான்காவது சிதறியபோது எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, மறைக்க முடியவில்லை. தோளில் காலையில் பட்ட சிவப்பைத் தவிர வேறொன்றும் இல்லை என்று அழகம்மாளும் ஒத்துக்கொண்டாள்.

துப்பாக்கி தேடுகிறவர்களுக்கு நான் கற்றதைச் சொல்லிவிடுகிறேன். கையில் இலேசாக இருப்பதைக் கண்டு மயங்க வேண்டாம், அது தோளில் வட்டி வாங்கும். நீங்கள் தாங்கித் தூக்கக்கூடிய அளவில் கனமானதை எடுங்கள். கட்டையின் நீளம் உங்கள் கைக்குச் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். துப்பாக்கி பாதி, தோட்டா பாதி. மருந்து குறைந்ததை வாங்குங்கள். நான் பேசிய விலை நூற்றுப் பத்து ரூபாய், இலேசானதற்கு நூற்றைம்பது சொன்னார். லைசென்ஸில் பதியாமல் கொண்டுவர முடியாது, ஆகையால் அன்று வெறுங்கையோடுதான் திரும்பினோம். காரைக்குடிப் பக்கம் போகிறவர்கள் கவனிக்கவும். புதுக்கோட்டை சமஸ்தான எல்லை தாண்டினால் நம் லைசென்ஸ் செல்லாது. தட்டு ஊரில் செய்ததானால் முதலில் தட்டிப் பாருங்கள். ணங் என்றால் சமையலறைக்கு அனுப்பிவிடுங்கள்.

திருமயத்தில் நாலு மணிக்குப் பஸ். கூட்டமில்லாததால் இருவரும் சேர்ந்து உட்கார்ந்தோம். பாதி வழி வரை கேட்காமல் வந்தேன். பிறகு பொறுக்கவில்லை.

"வேளார் அது குண்டு பட்ட தடம்னு அங்கேயே சொல்லிட்டாரு, இல்லையா?"

"சொன்னாரு."

"அப்ப நீ வாயத் தொறக்காம வந்திருந்தா, திங்கக்கெழம துப்பாக்கி கச்சேரிக்குப் போயிருக்கும். நீ நெனச்சது நடந்திருக்கும்."

"அதத்தான் அங்க நின்னு யோசிச்சேன்." தட்டுகளை மடியில் அடுக்கியபடியே சொன்னாள். "போயிருக்கும், எனக்கும் நிம்மதிதான். ஆனா நீங்க பட்டதப் படலைன்னு நெனச்சுக்கிட்டு, கண்ணு போச்சுன்னு மூலையில உக்காந்திருப்பீங்க. அப்படி ஒரு பொய்ய வீட்டுல வச்சுக்கிட்டு ஒங்களுக்கு எப்படிச் சோறு போடுறது?"

அவள் மடியிலிருந்த தட்டுகளில் பாதியை வாங்கி, பொன்னமராவதி வந்து சேர்கிற வரை என் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.