லாரி வரிசைக்கு அந்தப் பக்கம்

சித்தூர் மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் முதலுதவி அறை நர்ஸாக நான் சேர்ந்த முதல் சீசனில், கன்னியம்மாவைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார்கள். தமிழ்நாட்டு எல்லையோர கிராமத்திலிருந்து பஸ் பிடித்து வருபவள். பழம் நறுக்கும் லைனில் வேலை. குளிர்காய்ச்சல், அடிவயிற்றில் வலி, சிறுநீர் போனால் எரிச்சல். அந்த சீசனில் இது மூன்றாவது தடவை. இப்படியே போனால் கிட்னி கெட்டுவிடும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். மேனேஜரோ, இன்னொரு தடவை படுத்தால் வேறு ஆள் போட்டுவிடுவதாகச் சொல்லிவிட்டார். அவள் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது.

தண்ணீர் நிறையக் குடி என்று படித்துப் படித்துச் சொன்னேனே என எரிந்து விழுந்தேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"குடிச்சா போவணுமில்ல சிஸ்டர்? லாரிங்க நிக்கிற எடத்தத் தாண்டித்தான் கக்கூசு. அந்த ஆளுங்க பார்த்துக்கினே இருப்பானுங்க, ஏதாவது பேசுவானுங்க. கதவுக்குத் தாப்பாளும் இல்ல. காலைல ஃபேக்டரி கேட்ட பார்த்தாலே நெஞ்சு படபடன்னு அடிச்சிக்குது."

மறுநாள் மதியம் நானே அந்த வழியில் நடந்தேன். ஒருவன் விசிலடித்தான். இன்னொருவன் ஜாடையாக இருமினான். வெள்ளை கோட் போட்ட எனக்கே பாதி வழியில் கால் நின்றுவிட்டது. திரும்பி வந்துவிட்டேன். வந்த கோபத்துக்கு அளவில்லை.

மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். அடுத்த சீசனில் பார்க்கலாம் என்றார். அதுவரை கிட்னி காத்திருக்குமா?

எங்கள் ஃபேக்டரியில் ஒரு விதி உண்டு. முதலுதவி அறைக்கு வர சூப்பர்வைசரிடம் அனுமதி கேட்க வேண்டாம். என் அறையை ஒட்டி ஒரு கழிவறை இருந்தது, தாப்பாளோடு. லைனுக்கே போய், அவசரமென்றால் என்னிடம் வாருங்கள் என்று எல்லாப் பெண்களிடமும் சொல்லிவிட்டேன்.

இரண்டே நாளில் என் வாசலில் வரிசை. மேனேஜர் மூச்சிரைக்க வந்தார்.

"ஏம்மா சிஸ்டர், இது ஃபர்ஸ்ட் எய்டு ரூமா, பஸ் ஸ்டாண்டா? அங்க பழம் நறுக்குற லைன் நிக்குது."

"ஜுரத்துல படுத்தாலும் லைன் நிக்கும் சார். லைனுக்குப் பக்கத்துல தாப்பாள் வெச்ச கக்கூஸ் கட்டுங்க. அதுவரைக்கும் என் கதவு தெறந்துதான் இருக்கும்."

வேலை போனாலும் போகட்டும் என்றுதான் சொன்னேன். போகவில்லை. பழம் அழுகிவிடுமே என்ற அவசரம் அவருக்கு. அந்த வாரமே செங்கல் வந்து இறங்கியது. அதன் பிறகு கன்னியம்மா சீசன் முடியும்வரை ஒரு நாளும் படுக்கவில்லை.

புதிதாக வேலைக்குச் சேரும் நர்ஸ்களுக்கு ஒன்று சொல்வேன். மாத்திரை டப்பாவைத் திறக்கும் முன், உங்களிடம் வந்த பெண் தினமும் நடக்கும் வழியில் பட்டப்பகலில் ஒரு தடவை நடந்து பாருங்கள். பாதியில் திரும்பி வந்தீர்களென்றால், அவளுக்கு மாத்திரையைக் கொடுத்துவிட்டு நேராக மேனேஜர் அறைக்குப் போங்கள்.