எட்டு மணிச் சண்டை

அந்தக் கம்பி வலை ஈரம் சொட்டச் சொட்டச் சுவரில் சாய்ந்திருந்த காலையில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. வெளியே சாரல். மலை முழுவதும் மேகத்துக்குள் போய்விட்டிருந்தது. உள்ளே, எலுமிச்சை வெட்டும் மேசைகளுக்கு நடுவே ஓடும் வடிகாலின் ஒரு பக்கம் சேஃப்டி அண்ணாச்சி, மறுபக்கம் குவாலிட்டி டீச்சர். வடிகாலின் இரும்பு மூடிக்கு அடியில் இருக்க வேண்டிய வலையை அண்ணாச்சி உருவி வெளியே வைத்துவிட்டார். அதைத் திரும்பப் போட்டால்தான் ஆயிற்று என்று டீச்சர் நின்றார்.

“தண்ணி நிக்குல்லா டீச்சரம்மா. ஒரு பிள்ள வழுக்கி விழுந்தா ஒங்க வலையா வந்து தூக்கும்?”

“வலை இல்லாட்டா கரப்பான் ஏறி வரும் அண்ணாச்சி. ஊறுகாய் பாட்டிலுக்குள்ள மீசையோட ஒண்ணு கெடந்தா நீங்களா போயி பதில் சொல்லுவிய?”

நான் அங்கே சுற்றுச்சூழல் பிரிவு. பிரிவு என்றால் நான் ஒருத்திதான். வலையை எடுத்தால் தோலும் விதையும் நேராகக் கழிவுநீர்த் தொட்டிக்குப் போய்ச் சேரும், சேர்ந்தால் தொட்டி நாறும் என்று சொல்ல நானும் வாயெடுத்தேன். அதற்குள் சட்டென்று வேறொன்று தோன்றிவிட்டது. இருப்பது ஒரே வலை. அதற்கு ஏன் மூன்று சட்டம்? மூன்று ஃபைல், மூன்று தணிக்கை, மூன்று கையெழுத்து? எல்லாவற்றையும் ஒன்றாக்கினால் என்ன? அன்று மதியச் சாப்பாட்டை நான் பாதியில் வைத்துவிட்டு எழுந்தது நினைவிருக்கிறது. யோசனை வந்தால் எனக்குப் பசிக்காது.

எங்கள் தொழிற்சாலை தென்காசியிலிருந்து இலத்தூர் போகும் பாதையில் இருக்கிறது. லாரியில் எலுமிச்சை வரும். கழுவி, வெட்டி, உப்பில் ஊறவைத்து, பாட்டிலில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்புவோம். வரவேற்பறைச் சுவரில் மூன்று சான்றிதழ்கள் கண்ணாடி போட்டுத் தொங்கும். தரத்துக்கு ஒன்று, சுற்றுச்சூழலுக்கு ஒன்று, பாதுகாப்புக்கு ஒன்று. மூன்றும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு ஆலோசகர்கள் மூலமாக வந்தவை. அதனால் ஒரே விஷயத்தை மூன்று விதமாக எழுதி வைத்திருந்தோம். வெட்டும் மேசைப் பெண்கள் ஒரே பாடத்தை மூன்று பயிற்சி வகுப்புகளில் கேட்டார்கள். “கையக் கழுவுங்கன்னு இப்பம் எதுக்குச் சொல்லுதிய? குவாலிட்டிக்கா சேஃப்டிக்கா?” என்று அவர்களில் ஓர் அக்கா கேட்டபோது கூடமே சிரித்தது. சிரிக்காதவர் சேஃப்டி அண்ணாச்சி ஒருவர்தான். “சேஃப்டிக்குத்தான்” என்று பதில் சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தார்.

அண்ணாச்சிக்குச் சொந்த ஊர் ராயகிரி. பட்டாளத்திலிருந்து வந்தவர். கழுத்தில் விசில் தொங்கும். அதை ஊதி நான் பார்த்ததில்லை, அவர் குரலே போதும். காலையில் கூடத்துக்குள் நுழைந்ததும் மேலே பார்க்க மாட்டார், தரையைத்தான் பார்ப்பார். எங்கே ஈரம் மினுங்குகிறதோ அங்கே நேராகப் போய் நிற்பார். டீச்சர் முன்பு பாளையங்கோட்டையில் வேதியியல் நடத்தியவர். அவர் கண் எப்போதும் கைகள் மேல் இருக்கும், யாருக்கு நகம் வளர்ந்திருக்கிறது, யார் வளையலைக் கழற்றவில்லை என்று. இரண்டு பேரும் சண்டை போடாத நாள் கிடையாது. ஆனால் அண்ணாச்சி காபி வாங்கினால் டீச்சருக்கும் சேர்த்தே வாங்குவார். டீச்சர் கிறிஸ்துமஸ் கேக்கை அவருக்குத் தனியாக எடுத்து வைப்பார்.

நான் ஒரே மூச்சில் வேலையில் இறங்கினேன். மூன்று கொள்கைகளை ஒன்றாக எழுதினேன். ஒரே பயிற்சி, ஒரே தணிக்கை, மாற்றம் எதுவானாலும் மூன்று கண்ணோடும் ஒருமுறை பார்த்து முடிக்கும் முறை. அந்த வலைக்கும் ஒரு விதி எழுதினேன்: வலை எப்போதும் தன் இடத்தில் இருக்க வேண்டும், ஷிப்டுக்கு ஒருமுறை சுத்தம் செய்ய வேண்டும். பாதுகாப்புக்கென்று தரைக்கு வழுக்காத பூச்சும் சேர்த்தேன். மூன்று பேரும் ஒப்புக்கொண்டோம். அண்ணாச்சி மட்டும் கொஞ்ச நேரம் தாளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “ரொம்ப அழகா இருக்கு பிள்ள. தண்ணி படிச்சுப் பாத்துட்டு ஒழுங்கா ஓடணுமே” என்றார். நான் சிரித்துவிட்டேன்.

முதலாளிக்கு என் யோசனை நான் எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே பிடித்துப்போனது. அதுதான் வினையாயிற்று. தாள்களைப் புரட்டிப் பார்த்தவர், “நல்லா இருக்கும்மா. எல்லாம் ஒண்ணாயிட்டுன்னா மூணு ஆபீசர் எதுக்கு? தணிக்கை முடியட்டும், ஒருத்தர வச்சுக்கிடுவோம்” என்றார். யார் அந்த ஒருத்தர் என்று அவர் சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை. டீச்சருக்குப் பட்டம் இருந்தது, எனக்குப் புதிய படிப்பு இருந்தது. அண்ணாச்சிக்குக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் வியர்க்கும்.

அந்தச் சமயத்தில்தான் அவர் மகளுக்குச் சிவகிரியில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். கல்யாணப் பத்திரிகை தென்காசியில் ஓர் அச்சகத்தில் தயாராகிக்கொண்டிருந்தது. பெண்ணின் தகப்பனார் என்ற இடத்தில் அவர் பெயர், அதற்குக் கீழே ‘இராணுவம் (ஓய்வு), பாதுகாப்பு அதிகாரி’. அதன் மாதிரி அச்சுப் பிரதியைச் சட்டைப் பையில் மடித்து வைத்திருந்து எல்லாருக்கும் காட்டினார். ஓய்வு என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே இன்னொரு வேலை இருப்பதில் அவருக்கு அப்படி ஒரு நிறைவு. முதலாளி சொன்னது காதில் விழுந்த அன்று அச்சகத்துக்குப் போன் போட்டு, “கொஞ்சம் நிறுத்தி வைங்க தம்பி, ஒரு வரி மாறினாலும் மாறும்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் கேண்டீன் வாசலில் நின்று கேட்டேன்.

என்னைப் பார்த்ததும் போனை வைத்தார். கோபம் இருந்ததா என்று முகத்தில் தெரியவில்லை. “ஃபைலச் சேக்கப் போறேன்னு சொன்னே. ஆளக் கழிக்கப் போறேன்னு சொல்லலியே பிள்ள” என்றார். நான் அப்படி நினைக்கவே இல்லை என்றேன். “நீ நெனைக்கல, செரி. ஒன் தாளு நெனைக்குல்லா” என்று சொல்லிவிட்டுச் சுக்குக் காபியை எடுத்துக்கொண்டு தனியாகப் போய் உட்கார்ந்தார்.

அதன் பிறகு கூடம் அமைதியாகிவிட்டது. அண்ணாச்சி வருவார், தரையைப் பார்ப்பார், படிவத்தில் குறியிடுவார், போய்விடுவார். வலையை உருவவில்லை. டீச்சருக்கும் திரும்பப் போடச் சொல்லும் வேலை இல்லை. எனக்கோ உள்ளுக்குள் வலித்தாலும், முறை என்னவோ நன்றாக நடக்கிறது என்று ஓர் எண்ணம். ஒரு புகார் இல்லை, ஒரு குரல் உயரவில்லை. ஒருங்கிணைந்த நிர்வாகம் என்றால் இப்படித்தான் இருக்கும்போல என்றே நினைத்தேன்.

சாரல் வலுத்த ஒரு காலையில் எலுமிச்சை வழக்கத்தைவிடக் கூடுதலாக வந்து இறங்கியது. வெட்டும் வேகத்தில் தோலும் விதையும் வடிகாலில் குவிந்து வலையை அடைத்துக்கொண்டன. ஷிப்டு முடிவில்தானே சுத்தம்? யாரும் தொடவில்லை. உப்புத் தண்ணீர் மேலேறி, வழுக்காத பூச்சையும் மூடித் தரையில் பரவி, வாசற்படி தாண்டி மழைநீர்க் கால்வாய் வரைக்கும் போய்விட்டது. பயிற்சி வகுப்பில் கேள்வி கேட்டாரே, அந்த அக்கா, வெட்டிய எலுமிச்சைத் தொட்டியோடு வழுக்கித் தண்ணீரில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். தொட்டி கவிழ்ந்து துண்டுகள் எல்லாம் தரையில். ஒரே நொடியில் தரம் போயிற்று, சுற்றுச்சூழல் போயிற்று, பாதுகாப்பும் போயிற்று. மூன்றையும் அவ்வளவு கச்சிதமாக ஒருங்கிணைத்து நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை.

பக்கத்து மேசைப் பெண், “ஏட்டி, அடி பட்டுட்டா?” என்று கத்திக்கொண்டே ஓடினாள்.

“அடியெல்லாம் இல்லட்டி. இனி குத்தாலத்துக்குப் போவாண்டாம், இங்கனயே குளிச்சாச்சு” என்றார் அந்த அக்கா. சொல்லி முடிப்பதற்குள், முழங்கைச் சிராய்ப்பில் உப்பும் புளிப்பும் ஏறி, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அண்ணாச்சி அவரைத் தூக்கி நிறுத்தி, நல்ல தண்ணீரில் முழங்கையைக் கழுவிவிட்டார். அப்புறம் குனிந்து வலையை உருவினார். கூழாகத் தோல் அப்பியிருந்தது. தண்ணீர் கடகடவென்று இறங்கியது.

“வலை எடத்துலயே இருக்கணும்னு எழுதியாச்சு. அதான் எடுக்கல” என்றார், என்னைப் பார்க்காமல்.

டீச்சர்தான் பொறுக்க மாட்டாமல் பேசினார். “அண்ணாச்சி, நீங்க தினமும் அத எடுத்து எறிவிய. போடுததுக்கு முன்னால நான் கழுவச் சொல்லுவேன். அதுலதான் அது சுத்தமா இருந்திருக்கு. நீங்க சண்டைக்கு வராம எனக்குக் கழுவணும்னே தோணல.”

எந்த ஃபைலிலும் இல்லாத ஒரு முறை இத்தனை நாளும் கூடத்தில் நடந்துகொண்டிருந்திருக்கிறது. அவர் எடுப்பார், இவர் கழுவிப் போடச் சொல்வார். ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று யாரும் எண்ணியதில்லை. அந்தச் சண்டைதான் வலையைச் சுத்தம் செய்துகொண்டிருந்தது. நான் மூன்று சட்டங்களை ஒன்றாக்கினேன், சரி. அந்தச் சட்டங்கள் ஒன்றோடொன்று முட்டிய இடத்தையும் சேர்த்து வழித்துத் துடைத்துவிட்டிருந்தேன். ஒருங்கிணைப்பு என்பது முட்டல் இல்லாமல் போவது அல்ல. முட்ட வேண்டியவை வேளைக்கு ஒரே இடத்தில் வந்து முட்டிக்கொள்வது. இது எந்த வகுப்பிலும் எனக்கு இப்படிப் புரிந்ததில்லை.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். “அப்போ ஒண்ணாக்க வேண்டாங்கியா?” என்று அலுத்துக்கொண்டார். ஃபைல் ஒன்றாகவே இருக்கட்டும், தணிக்கையும் ஒன்றாகட்டும், ஆனால் மூன்று பேரும் தினமும் காலை எட்டு மணிக்கு வடிகாலைச் சுற்றி நின்று சண்டை போட வேண்டும், போட்டு முடித்த பிறகே வேலை தொடங்க வேண்டும் என்றேன். அவர் நம்பவில்லை. ஒரு காலையில் வந்து பாருங்கள் என்றேன்.

வந்தார். படியில் கால் வைத்ததும் அண்ணாச்சி, “மொதலாளி, செருப்போட வரப்படாது. வழுக்கும். பூட்ஸ மாட்டுங்க” என்றார். பூட்ஸை மாட்டிக்கொண்டு உள்ளே வந்தவரிடம் டீச்சர், மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றச் சொன்னார். கழற்றிக் கொடுத்துவிட்டு, பூட்ஸைக் கழுவ ரப்பர் குழாயைத் திறந்தவர் அப்படியே போட்டுவிட்டுத் திரும்பினார். தண்ணீர் வீணாகிறது என்று நான் சொன்னேன். நாங்கள் மூன்று பேரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை, சத்தியமாக. முதலாளி எங்கள் மூன்று பேரையும் ஒருமுறை பார்த்தார். “மூணு பேருமா சேந்து என்னயவே வெளிய தள்ளிருவிய போலிருக்கே” என்று சொல்லி, கூடம் முழுக்கக் கேட்கச் சிரித்தார். போகும்போது வாசலில் நின்று, “செரி, மூணு பேரும் இருங்க” என்றார்.

அண்ணாச்சி வெளியே போய்ப் போனை எடுத்தார். “தம்பி, ஒரு வரியும் மாறாண்டாம். அடிச்சிருங்க” என்று அச்சகத்துக்குச் சொன்னது எல்லாருக்கும் கேட்டது, மெதுவாகப் பேசி அவருக்குப் பழக்கமில்லை. சில நாள் கழித்து மஞ்சள் தடவிய பத்திரிகையை என்னிடம் நீட்டியபோது அந்த வரியின் மேல் அவர் கட்டைவிரல் இருந்தது. “வரணும் பிள்ள. படி ஏறும்போது பாத்து வா, மண்டபத்துத் தரை சரியில்ல” என்றார்.

இப்போது அவர் எங்களோடு இல்லை. மருமகன் குற்றாலத்தில் ஒரு விடுதியை எடுத்து நடத்துகிறார். சீசன் கூட்டத்தைச் சமாளிக்க அண்ணாச்சி அங்கே போய்விட்டார். தானாகத்தான் போனார். அருவியில் குளித்துவிட்டு உடம்பெல்லாம் எண்ணெயோடு படியேறி வருகிறவர்களைத் திட்டுவதற்கு அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. அவர் இடத்துக்கு ஒரு தம்பி வந்திருக்கிறார். நல்ல படிப்பு, நல்ல மரியாதை. எட்டு மணிக் கூட்டம் இப்போதும் நடக்கிறது, ஆனால் சீக்கிரம் முடிந்துவிடுகிறது. டீச்சர் ஒன்று சொன்னால், “சரிங்க மேடம்.” நான் அதற்கு நேர்மாறாகச் சொன்னாலும், “சரிங்க மேடம்.” குரல் உயருவதில்லை. ஒரு காலத்தில் எனக்குப் பிடித்திருந்த அதே அமைதியைக் கேட்டால் இப்போது வடிகாலை ஓடிப்போய்ப் பார்க்கிறேன். போன வாரம் சாரல் தொடங்கிவிட்டது.

அண்ணாச்சிக்குப் போன் செய்தேன். பின்னால் அருவிச் சத்தம் கேட்டது. “அந்தத் தம்பிக்கு டீச்சரம்மாவ எதுத்துப் பேச பயம். அதுல தப்பு இல்ல, எனக்கே பயந்தான்” என்றார். “அவன எடம் மாத்தி நிறுத்து. டீச்சரம்மா பேச்ச அவன் பேசட்டும். எம் பேச்ச நீ பேசு. ஒனக்குத்தான் வாய் இருக்குல்லா.”

நாளைக் காலை அதைத்தான் செய்யப் போகிறேன். தம்பி தரத்துக்குப் பேச வேண்டும், டீச்சர் கழிவுநீர்த் தொட்டிக்குப் பேச வேண்டும். அண்ணாச்சி நின்ற பக்கத்தில் நான் நிற்பேன். எட்டு மணிக்கு அந்த வலையை நானே உருவி, ஈரம் சொட்டச் சொட்டச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, அந்தத் தம்பி என்ன சொல்கிறார் என்று காத்திருப்பேன். “சரிங்க மேடம்” என்று மட்டும் சொன்னாரோ, என் குரல் வெளியே சாலை வரைக்கும் கேட்கும்.