அக்காவின் ‘ப்ச்’

என் அக்காவிடம் எதைக் கேட்டாலும் பாதிப் பதில் ‘ப்ச்’தான். சாப்பிட்டாயா? ப்ச். மாமா எங்கே? ப்ச். இல்லை, தெரியாது, விட்டுத்தள்ளு, உன் வேலையைப் பார் என்று அதில் எத்தனையோ அர்த்தம் இருக்கிறது. கூடப் பிறந்த எனக்கே சில சமயம் பிடிபடாது.

பார்வையற்றோருக்கான ஒலிநூலகத்தில் அவளுக்கு வேலை. யாராவது வாசித்துப் பதிவுசெய்த கதைகளைக் கணினியில் போட்டு, இருமலை வெட்டி, உதடு ஒட்டிப் பிரிகிற சின்னச் சின்னச் சத்தங்களைத் துடைத்து அனுப்புவாள். பக்கத்து அறையில் பதிவு நடந்தால் மின்விசிறி போடக் கூடாது. வியர்த்துக் கொட்ட ஹெட்போனோடு உட்கார்ந்திருப்பாள். அவள் பயன்படுத்தும் மென்பொருள் இலவசம். பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து எழுதுவது. யாரும் உள்ளே பார்க்கலாம், யாரும் திருத்தலாம். ஏதோ தானே எழுதியதுபோல அதில் அவளுக்குப் பெருமை.

போன வருஷம் புதிய பதிப்பு வந்தது. உதட்டுச் சத்தத்தைத் தானே கண்டுபிடித்துத் துடைத்துவிடுமாம். அக்கா தலையில் தூக்கிவைத்து ஆடினாள். அப்புறம்தான் கதை கேட்கிறவர் ஒருவர் போன் செய்தார்.

“ஏம்மா, அந்தக் கதையில மகன் ‘என்னை மன்னிச்சிட்டியாம்மா’ன்னு கேக்கிறான். அந்தம்மா பதிலே சொல்லலையே? வெட்டிட்டீங்களா?”

அந்தம்மா சொன்ன பதில் ‘ப்ச்’. அதை அழுக்கு என்று மென்பொருள் துடைத்துவிட்டது!

அக்கா அவர்களுடைய பொதுத்தளத்தில் புகார் எழுதினாள். உங்கள் மைக் பழுதா என்று ஒருவர் கேட்டார். அது வெறும் இரைச்சல்தானே, மென்பொருள் சரியாகத்தான் வேலை செய்கிறது என்றார் இன்னொருவர். பொறுப்பாளரோ, எங்கள் கதவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது, திருத்தத்தை நீங்களே எழுதிக்கொண்டு வாருங்கள் என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கதவைத் திறந்து போட்டுவிட்டு வீட்டில் ஆளே இல்லையென்றால் யாரிடம் போய்ப் பேசுவது?

கடைசியில் வேறொரு நாட்டிலிருந்து ஒருவர் வந்தார். படத்தில் தாடி மட்டும்தான் தெரியும். நாங்கள் வைத்த பெயர் தாடிக்காரர். எங்கள் மொழியிலும் நாக்கைத் தட்டித்தான் ‘வேண்டாம்’ என்போம், வாருங்கள், சேர்ந்து செய்யலாம் என்றார். அவருக்காக அக்கா வீட்டில் விதவிதமான ‘ப்ச்’ பதிவுசெய்தாள். சலிப்புக்கு ஒன்று, இரக்கத்துக்கு ஒன்று, கோபத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் அடுத்த அறையிலிருந்து மாமா, “இப்ப நான் என்ன பண்ணேன்?” என்றார்.

தாடிக்காரர் திருத்தம் எழுதி முடித்தார். அது ‘பரிசீலனையில்’ என்று போட்டபடி கிடந்தது. அதுவரை அக்கா அந்த வசதியை அணைத்துவிட்டு, ஒவ்வொரு உதட்டுச் சத்தமாகக் கையால் பொறுக்கினாள். புத்தகங்கள் தேங்கின. காது வலிக்கிறது என்றாள். திருத்தம் அடுத்த பதிப்பில் சேராவிட்டால் இந்தப் பாடு தொடரும்.

அடுத்த பதிப்பில் எதையெல்லாம் சேர்ப்பது என்று முடிவுசெய்ய இணையத்தில் ஒரு திறந்த கூட்டம் வைத்தார்கள். தாடிக்காரருக்கு அன்று வேலை. அக்கா பேசினால் போதும் என்று எழுதியிருந்தார். மத்தியானம் நூலகத்தில் துணைக்கு நானும் உட்கார்ந்தேன். பொறுப்பாளர் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். கூட்டத்தின் ஒலிக்கும் நம் புதிய மென்பொருளையே பொருத்தியிருக்கிறோம், குரல் எவ்வளவு துல்லியம் பாருங்கள் என்று பூரித்தார்.

பொத்தானின் நிறத்தைப் பற்றியே நெடுநேரம் பேசினார்கள். அக்காவின் புகார் கடைசியில் வந்தது. நல்ல யோசனைதான், சரிபார்க்க ஆள் இல்லை, இப்போதைக்கு இந்தப் புகாரை மூடிவிடுவோம், யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

அக்கா மைக்கை நோக்கிக் குனிந்தாள். இத்தனை மாதத்து ஆத்திரமும் திரண்டு வந்தது.

“ப்ச்!”

பொறுப்பாளர் சற்றுக் காத்திருந்தார். ஆட்சேபம் இல்லை, எல்லோருக்கும் நன்றி என்று புன்னகைத்தார். திரை அணைந்தது.

“வாயைத் திறந்து சொல்லித் தொலையேன்க்கா!” என்று கத்தினேன்.

அவள் ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

“சொன்னேனேடா.”