பிறந்த வீடாக நின்ற அக்கா

அக்கா இல்லாமல் ஓராண்டு ஓடிவிட்டது. நினைவு மலரில் எழுது என்றார்கள். எனக்குச் சுருக்கி எழுத வராது, முயல்கிறேன்.

அக்கா கந்தர்வக்கோட்டையில் பிறந்தார். பக்கத்துச் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த 1948-இல் அவர் எட்டாம் வகுப்பு. அந்த வருஷமே அப்பா தவறிவிட்டார். நிலக்கடலைக் காட்டு வேலைக்குப் போய்க்கொண்டே படித்து, கிராம சேவிகா ஆகி, ஆலங்குடிப் பக்கத்து ஊர்களில் மாதர் சங்கம் நடத்தினார். அக்காவின் பொறுமையை எல்லோரும் புகழ்வீர்கள். எனக்கு அன்று அது பிடிக்கவே இல்லை.

சங்கத்துக்கு வந்த ஒரு பெண்ணைக் கணவர் அடிப்பது ஊருக்கே தெரியும். பெயர் எழுதவில்லை, அக்கா விரும்பமாட்டார். அந்த ஊர்க் கூட்டத்தில் ஒரு பெண்ணின் வழக்கை அவர் பிறந்த வீட்டு ஆண்தான் சொல்ல வேண்டும். இவருக்கோ அப்பாவும் இல்லை, அண்ணன் தம்பியும் கிடையாது. விடுமுறைக்குப் போயிருந்த நான், டீச்சர் டிரெயினிங் ஸ்கூலில் படிக்கும் மிடுக்கில், நேரே அந்தக் கணவரிடம் போய்ச் சட்டம் பேசினேன். அன்றைக்கு அந்தப் பெண்ணுக்கு இரட்டிப்பு அடி.

அக்கா என்னைத் திட்டவில்லை. "நீ கேட்டுட்டு பஸ் ஏறிருவ. அவ அங்கிட்டுத்தானே இருக்கணும்?" என்றார்.

பிறகு மூன்று மாதம் வீடு வீடாக நடந்தார். பேசியது மருமகள்களிடம் அல்ல, மாமியார்களிடம். அவர்களும் ஒரு காலத்தில் அடி வாங்கியவர்கள்தானே. கூட்டத்தில் யார் எங்கே உட்காருவது என்பது வரை பேசி வைத்தார். எனக்கு இட்ட வேலை, வாயைத் திறக்காமல் இருப்பது.

கூட்டத்தன்று ஊர்த் தலைவரான அம்பலகாரர், இந்தப் பெண்ணுக்காகப் பேச ஆள் யார் என்று கேட்டார். அக்கா எழுந்தார்.

"நாங்க இருக்கோம்ங்க. கூடப் பொறந்தவன் இல்லாத பொண்ணுக்கு இனிமே சங்கந்தான் பொறந்த வீடு."

"அப்ப தீவாளிச் சீரும் சங்கமே கொண்டாருமா?" என்றார் ஒருவர். ஆண்கள் பக்கம் ஒரே சிரிப்பு.

கேட்டவரின் தாயாரே எழுந்துவிட்டார். "கொண்டாருவோம்டா. ஒங்கப்பன் என்னைய அடிச்சப்பவும் இப்படித்தான் உக்காந்து சிரிச்சாங்க."

சிரிப்பு நின்றது. இனி அடிப்பதில்லை என்று அந்தக் கணவர் சபையில் வாக்குக் கொடுத்தார். ஒரு முறை மீறவும் செய்தார். சங்கத்துப் பெண்கள் அவர் வாசலில் போய் உட்கார்ந்து, சாயங்காலம் வரை அந்த வீட்டுத் தண்ணீரைக்கூடத் தொடவில்லை. அதற்குப் பிறகு அவர் கை ஓங்கவில்லை.

மஞ்சள் காமாலையில் அக்கா படுத்தபோது வீடு தேடி வந்த டாக்டருக்கும், வண்டி கட்டித் தந்த அண்டை வீட்டாருக்கும், தோள் கொடுத்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. அந்தப் பெண்ணுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். கடைசிப் பதினொரு நாளும் அக்காவுக்குக் கஞ்சி ஊட்டியவர் அவர்தான். வீட்டில் எப்படி விட்டார்கள் என்று கேட்டேன்.

"போகவான்னு கேக்கலம்மா. போறேன்னு சொல்லிட்டு வந்தேன்" என்றார்.