பசுமை இல்ல, இலவசம்

முதலிலேயே கையெழுத்துக்காக மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். விழுப்புரம் மார்க்கெட்டில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை தைக்கிற கை இது. பேனாவையும் கோணி ஊசி மாதிரித்தான் பிடிக்கும். இரண்டு சுழி எங்கே, மூன்று சுழி எங்கே என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை. எங்காவது ஒரு சுழி கூடுதலாக விழுந்திருந்தால் அதை இலவசம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு தகர ஷீட் போட்டது. சித்திரை மத்தியானத்தில் உள்ளே களி கிண்ட அடுப்பு வேண்டாம். நானும் மனைவியும் அதிலேயே பல வருடம் வெந்து பழகிவிட்டோம். எங்களைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை. மகளுக்கு வளைகாப்பு நடந்த அன்றுதான் ஒருவர் கவலைப்பட்டார். அவர் என் சம்பந்தியம்மா.

மகளைத் திருவெண்ணெய்நல்லூரில் கொடுத்திருக்கிறோம். வளைகாப்பு முடிந்ததும் தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவது முறை. நாங்கள் வேன் பேசிக்கொண்டு போயிருந்தோம். பந்தி நடக்கும்போதே, எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி சம்பந்தியம்மா ஆரம்பித்தார்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. கத்திரி வெயில் வர்ற நேரம். அந்தத் தகரக் கொட்டாயில பச்சப் புள்ளைய வெச்சிக்கினு இன்னா பண்ணுவீங்க? பொண்ணு இங்கயே இருக்கட்டும். எங்க ஊட்டுல ஏசி கீது."

என் மனைவி வாயில் போட்ட சோற்றை மென்றுகொண்டே இருந்தாள். விழுங்கவில்லை. நான் "சரிங்க" என்றேன். நான் வெளியில் பேசுகிற பேச்சில் பாதி "சரிங்க", மீதி "ஆமாங்க".

ஏசி இருந்தது உண்மைதான். வேனுக்குப் போகிற வழியில், சந்துப் பக்கம் மாட்டியிருந்த அதன் பெட்டி என் முகத்தில் அனலை ஊதியது. உள்ளே இருக்கிறவர்கள் தங்கள் சூட்டைச் சந்துக்குத் தானம் செய்துகொண்டிருந்தார்கள். வேனில் மகளுக்கு ஒதுக்கிய இடத்தில் காலித் தாம்பாளங்கள் உட்கார்ந்து வந்தன.

வீட்டு வாசலில் இறங்கியதும் மனைவி சொன்னாள். "என் பொண்ணு என் ஊட்டுலதான் பெத்துக்கும். நீ இன்னா பண்ணுவியோ, எனக்குத் தெரியாது."

எனக்கும் தெரியவில்லை. அந்த வாரம்தான் மார்க்கெட் சுவரில் அந்த நோட்டீசைப் பார்த்தேன். மேலே பெரிய எழுத்தில் "பசுமை இல்ல" என்று இருந்தது. நடுவில், யாரோ ஒருவருக்கான கண்ணீர் அஞ்சலி போஸ்டரை அதன் மேலேயே ஒட்டியிருந்தார்கள். அடியில் "திண்டிவனம், ஞாயிறு காலை, இலவசம்" என்பது மட்டும் தப்பித்திருந்தது.

ஒரு காலத்தில் அரசாங்கம் பசுமை வீடு என்று கட்டிக் கொடுத்தது எனக்குத் தெரியும். வீட்டைப் படித்தவர்கள் இல்லம் என்பார்கள். மறுபடியும் கொடுக்கிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டேன். பக்கத்தில் மூட்டை தைக்கிறவன் என்னைவிட நன்றாகப் படிப்பான். அவனிடம் காட்டினேன்.

"யோவ், ஒழுங்காப் படி. 'பசுமை இல்ல'ன்னு போட்டுக்கீது. இல்லன்னு சொல்றவங்கிட்ட போயி இன்னாத்தக் கேப்ப?"

"அது இல்லம்யா. மீதி எழுத்து போஸ்டருக்கு அடியில கீது."

"அப்ப செத்தவரு மூஞ்சிக்குப் பின்னாடி ஊடு கீதுன்ற. போ, ஜல்தி போ. எனக்கும் ஒண்ணு எழுதிக்கினு வா."

ஞாயிற்றுக்கிழமை ரேஷன் கார்டு, ஆதார் ஜெராக்ஸ் எல்லாவற்றையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு திண்டிவனம் போனேன். ஒரு கல்யாண மண்டபம். அதற்கும் தகரக் கூரை. வாசலில் தண்ணீர் பாட்டிலும் மிக்சர் பொட்டலமும் கொடுத்தார்கள். வீட்டுக்கு முன்னால் மிக்சர் தருகிற அரசாங்கம் நல்ல அரசாங்கம்தான் என்று நினைத்துக்கொண்டேன். திரையில் படம் தெரிய வேண்டும் என்று ஜன்னல்களை எல்லாம் மூடினார்கள். கல்லூரியில் பாடம் நடத்துகிற அம்மா ஒருவர் மைக்கைப் பிடித்தார்.

"வெயில்ல கண்ணாடிய ஏத்திவிட்டு நிறுத்தின கார்ல உக்காந்திருக்கீங்களா?"

நான் உட்கார்ந்ததில்லை. ஆனால் அந்த மண்டபத்தில் உட்கார்ந்திருந்ததால் உடனே புரிந்தது.

அவர் சொன்னது இதுதான். சூரிய வெளிச்சம் உள்ளே வந்துவிடுகிறது. தரையில் பட்டுச் சூடாக மாறுகிறது. அந்தச் சூடு திரும்பி மேலே போகும்போது, காற்றில் இருக்கிற கரியமில வாயு, மீத்தேன் போன்றவை அதைப் பிடித்து ஒரு பங்கை நம்மிடமே தள்ளிவிடுகின்றன. அந்த வாயுக்கள் அடியோடு இல்லாவிட்டால் பூமி உறைந்துபோகும். அளவாக இருந்தவரை அது போர்வை. நாம் நிலக்கரியும் பெட்ரோலும் எரித்து எரித்து, சித்திரை மாதத்தில் கம்பளி மேல் கம்பளியாகப் போர்த்திக்கொண்டிருக்கிறோம். குளிர் தேசங்களில் செடி வளர்க்கக் கண்ணாடியில் ஒரு வீடு கட்டுவார்களாம். அதற்குத்தான் பசுமை இல்லம் என்று பெயராம். அது மாதிரி சூட்டைப் பிடித்து வைக்கிறதால் இவை பசுமை இல்ல வாயுக்களாம்; போஸ்டருக்கு அடியில் மறைந்திருந்தது அந்த 'வாயு'தான்.

ஆக, வீடு செடிக்கு. ஜெராக்ஸ் எடுத்தவனுக்கு மிக்சர்.

தண்ணீர் கட்டிய நெல் வயலிலிருந்தும் மாட்டின் ஏப்பத்திலிருந்தும் மீத்தேன் வருகிறது என்று அவர் சொன்னதும், முன் வரிசையில் ஒரு விவசாயி எழுந்துவிட்டார்.

"ஏம்மா, கார்ல போறவனை உட்டுட்டு எங்க மாட்டப் புடிச்சிக்கினீங்களே! அது ஏப்பம் உடறதுக்கும் லைசென்சு வாங்கணுமா?"

மண்டபமே சிரித்தது. அந்த அம்மாவும் சிரித்தார். "மொதல்ல காரத்தாங்க புடிக்கணும். மாடு அப்புறம்."

அடுத்து ஓசோன். வானத்தில் வெகு உயரத்தில் இருக்கிற அந்தப் படலம், தோலையும் கண்ணையும் கெடுக்கிற புற ஊதாக் கதிரைத் தடுக்கிறது. பழைய ஃபிரிட்ஜிலும் ஏசியிலும் ஸ்ப்ரேயிலும் இருந்த ஒரு வகை வாயு அதைத் தின்று, தென்துருவத்துக்கு மேலே ஓட்டை போட்டுவிட்டது. அந்த ஓட்டை வழியாகத்தான் நமக்கு வெயில் கொளுத்துகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். அது தப்பு, இரண்டும் வேறு வேறு நோய் என்றார். உலக நாடுகள் கூடிப் பேசி அந்த வாயுவை நிறுத்தியதால் ஓட்டை மெல்ல மூடி வருகிறதாம். அதற்குப் பதிலாக வந்த வாயு ஓசோனைத் தின்னாது. ஆனால் கசிந்தால் சூட்டைப் பிடித்து வைக்கும். திருடனை வேலையை விட்டு நிறுத்திவிட்டு அவன் தம்பியைச் சேர்த்துக்கொண்ட மாதிரி. எப்படியோ, வானத்து ஓட்டைக்கு எல்லா நாடும் கூடியிருக்கிறது. என் தகரத்தின் ஆணி ஓட்டைகளுக்கு இன்னும் ஒரு நாடும் கூடவில்லை.

வேர்வையைத் துடைக்கத் துண்டைத் தூக்கினேன். நான் கேள்வி கேட்கக் கை தூக்குகிறேன் என்று மைக்கைக் கொண்டுவந்து வாயருகில் நீட்டிவிட்டார்கள். திருப்பிக் கொடுக்கவும் கூச்சம்.

"மனு எங்கங்க குடுக்கணும்?"

"என்ன மனுங்க?"

"பசுமை இல்லம்... ஊட்டுக்குங்க."

இந்த முறை சிரிப்பு மாட்டுக்கு விழுந்ததைவிடப் பெரிதாக விழுந்தது. அந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை. எதற்கு வீடு என்று கேட்டார். எங்கிருந்து எனக்கு வாய் வந்ததோ, மகள், பிரசவம், தகரம் எல்லாவற்றையும் மைக்கிலேயே சொல்லிவிட்டேன்.

"ஷீட்டு என்ன கலருங்க?"

"துரு கலருங்க."

"வீடு என்னால தர முடியாதுங்க. மேல வெள்ளைச் சுண்ணாம்பு அடிங்க. வெளிச்சம் சூடா மாறுறதுக்குள்ள பாதிய வெள்ளை திருப்பி அனுப்பிடும். உள்ள, ஷீட்டுக்கு அடியில கொஞ்சம் எடம் விட்டுப் பாய் கட்டுங்க. சூடு வெளிய போக மேல ஒரு வழி வைங்க."

வீட்டுக்கு வந்தேன். "ஊடு எங்க?" என்றாள் மனைவி. சுண்ணாம்புப் பையைக் காட்டினேன். அவள் பார்த்த பார்வையில் புற ஊதாக் கதிர் இருந்தது.

சுண்ணாம்பில் பசை கலந்து இரண்டு பூச்சு அடித்தேன். தெருவில் போனவர் ஒருவர் நின்று, "இன்னாயா, ஊட்டுக்கு விபூதி பூசிக்கினு கீற? ஊடு சாமியாராப் போவுதா?" என்று விசாரித்தார். உள்ளே கோரைப் பாய் கட்டினேன். சுவரின் மேல் பக்கம் இரண்டு செங்கல்லை உருவி எடுத்தேன். குளுகுளு என்று ஆகிவிட்டதாகச் சொல்ல மாட்டேன். முன்பு அடுப்புக்குள் இருந்தோம். இப்போது அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தோம். தகர வீட்டுக்காரனுக்கு அந்த வித்தியாசம் தெரியும்.

சம்பந்தியம்மாவுக்கு நானே போன் செய்தேன். "பொண்ண அழைச்சிக்கினு ஒரு மத்தியானம் வந்து பாருங்க. புடிக்கலன்னா அடுத்த பஸ்ஸுலயே கூட்டிக்கினு போயிடுங்க."

வந்தார்கள். நல்ல உச்சி வெயில். சம்பந்தியம்மா வீட்டின் நடுவில் நின்று, பந்தலைச் சோதிக்க வந்தவர் மாதிரி அண்ணாந்து பார்த்தார்.

"பரவால்ல அண்ணே. ஆனா ஏசி மாதிரி வருமா?"

"வராதுங்க," என்றாள் என் மனைவி. "கரண்டு போனா ஏசியும் வராதுங்க."

மகள் இந்தப் பேச்சு எதிலும் கலந்துகொள்ளவில்லை. மாங்காய் போட்ட குழம்பில் இரண்டு தட்டுச் சோறு தின்றாள். பாயை விரித்தாள், ஒருக்களித்துப் படுத்தாள், தூங்கிப்போனாள். மூவரும் அவள் கழுத்தில் வேர்வை வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தோம். கொஞ்சம் வந்தது. தூக்கம் கலையவில்லை.

"எழுந்திரும்மா, பஸ்ஸுக்கு நேரமாவுது," என்று சம்பந்தியம்மா தொட்டு எழுப்பினார்.

மகள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள். "நீங்க போங்க அத்த. நான் புள்ளையோட வர்றேன்."

பிறகு சம்பந்தியம்மா தன் பையைப் பிரித்து, மகளின் புடவைகளையும் மாத்திரைகளையும் ஒவ்வொன்றாக எடுத்து மனைவியிடம் கொடுத்தார். "எதுக்கும் இருக்கட்டும்னு எடுத்தாந்தேன்," என்றார், யார் முகத்தையும் பார்க்காமல்.

பஸ் ஏற்றிவிட நான் கூடப் போனேன். குடையை விரித்து எனக்கும் கொஞ்சம் நிழல் கொடுத்தபடி கேட்டார்: "அண்ணே, எங்க மாட்டுக் கொட்டாயும் ஷீட்டுதான். அந்தச் சுண்ணாம்புல பசை எவ்ளோ போட்டீங்க?"

பஸ் வருகிறவரை விளக்கமாகச் சொன்னேன்.

எழுதி முடித்தது, பேத்திக்குப் பெயர் வைத்த மறுநாள், ஆனி மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை.